இன்ஜினை இறக்காமல் ஒரு ராடு பேரிங்

வண்டிக்குள்ளிருந்து ‘கட கட’வென்று அடிச்சத்தம் கேட்டுவிட்டால் நம் பக்கத்துப் பட்டறைகளில் முதலில் வரும் வார்த்தை “இன்ஜினை இறக்கணும்” என்பதுதான், அதாவது வண்டியிலிருந்து வெளியே எடுத்துப் பிரிக்கணும். வள்ளியூரில் குழிக்குள் நின்றுகொண்டு சொல்வார்கள், பாளையங்கோட்டையில் ஏ.சி. அறையில் உட்காரவைத்து டீ கொடுத்துச் சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ராடு பேரிங் போன வண்டிக்குச் சில சமயம் அது சரியான பதில்தான். பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு கிராங்க், பிஸ்டனை அதோடு இணைப்பது ராடு, ராடு பிடித்துக்கொள்ளும் உருளைப் பகுதி கிராங்க் பின், இரண்டுக்கும் நடுவே இருப்பது ராடு பேரிங். ஆனால் இறக்குவதா வேண்டாமா என்பது அந்தப் பேரிங் தழுவி நிற்கும் கிராங்க் பின்னின் நிலையைப் பொறுத்தது. அதை அளந்து பார்க்காமல் இறக்கச் சொல்பவரையும் நான் நம்புவதில்லை. அளந்து பார்க்காமல் “இறக்காமலே முடிச்சுத் தாரேன்” என்பவரை அதைவிட நம்புவதில்லை.

இதை எழுதக் காரணம் எங்கள் மாமாவின் அம்பாசடர். மார்க் 4, பெட்ரோல், 1489 சி.சி. பழைய பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜின். உத்தர்பாரா ஆலை 2014-இல் அம்பாசடர் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. மாமா நிறுத்துவதாக இல்லை. சங்கரன்கோவில் ஆடித்தபசு, திருச்செந்தூர், சொந்தக்காரர் கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் அதுதான் போகும். நாங்குநேரி தாண்டித் தெற்கே வரும்போது சத்தம் ஆரம்பித்திருக்கிறது. மாமா செய்த நல்ல காரியம், அங்கேயே ஓரம் கட்டி நிறுத்திவிட்டு எனக்குப் போன் போட்டது. “பைய ஓட்டி வீட்டுக்கு வந்துருதேன்” என்று கிளம்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. பத்து கிலோமீட்டர் தூரம் போதும், பேரிங் ஷெல் மாற்றினால் தீர வேண்டிய வேலையைக் கிராங்க் கிரைண்டிங்கில், அதாவது பின்னைச் சாணை பிடித்துத் தேய்ப்பதில், கொண்டுபோய் நிறுத்திவிடும். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துத்தான் கொண்டுவந்தோம்.

பணகுடிப் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அறுபது தாண்டியவர், நாகர்கோவில் பட்டறைகளில் தொழில் படித்தவர். சத்தத்தைச் சொன்னதும் ஸ்பானரை எடுக்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாகக்கூட விடாமல், ஒரு நீள ஸ்குரு டிரைவரின் முனையை இன்ஜின் பிளாக்கில் பல இடங்களில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார். வால்வு பக்கத்துச் சத்தம் என்றால் மேலே கேட்கும். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு தட்டு. ராடு சத்தம் கீழே, பிளாக்கின் இடுப்பில் கேட்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்துவிட்டுச் சட்டென்று விடும்போது தெளிவாகத் தெரியும். கிராங்க்கைப் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கின் சத்தம் இதைவிடக் கனமாக, வண்டி இழுக்கும்போது ‘தொம் தொம்’ என்று வரும்.

அடுத்து ஒவ்வொரு பிளக் ஒயராகப் பிடுங்கிப் பார்த்தார். ஒரு சிலிண்டரில் எரிவதை நிறுத்தினால் அந்த ராடை மேலிருந்து அறையும் விசை போய்விடுகிறது, சத்தமும் அமுங்கும். முதல் ஒயர், இரண்டாவது, மாற்றமே இல்லை. மூன்றாவதைப் பிடுங்கியதும் தட்டல் பாதியாகக் குறைந்தது. உடனே சாவியைத் திருப்பி அணைத்தார். “மூணாவது ராடு, தம்பி. இனி இதை ஓட்டப்பிடாது. ஆயிலை இறக்கிப் பாப்போம்.” கேஜ் மாட்டிப் பார்த்திருந்தால் ஆயில் பிரஷரும் தெரிந்திருக்கும், ஆனால் அதற்காகச் சூடாகும்வரை ஓட்ட அவருக்கு மனமில்லை. சரியான முடிவு.

ஆயிலை ஒரு அகலத் தட்டில் இறக்கி வெயிலில் வைத்துப் பார்த்தோம். எண்ணெய்க்குள் வெள்ளிப் பொடி மினுமினுத்தது. காந்தத்தை விட்டுத் துழாவினால் ஒட்டவில்லை. இது நல்ல செய்தி. இரும்புத் தூள் என்றால் கிராங்க்கோ வேறெதுவோ தின்னப்படுகிறது என்று அர்த்தம். ஒட்டாத வெள்ளிப் பொடி பேரிங்கின் மேல்பூச்சு.

ராடு பேரிங் என்பது உருளும் பந்தோ ரோலரோ வைத்த பேரிங் அல்ல. இரண்டு அரைவட்ட ஷெல். முதுகு எஃகு, அதன்மேல் செம்பும் ஈயமும் கலந்த ஒரு அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே மென்மையான ஒரு மெல்லிய பூச்சு. அந்தக் காலத்தில் முழுப் பேரிங்கையுமே வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு கலந்த வெள்ளை உலோகத்தில் வார்த்தார்கள். 1839-இல் ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர் உருவாக்கிய கலவை அது. மென்மையாக வைப்பதற்குக் காரணம் உண்டு: தூசு வந்தால் பேரிங் அதைத் தனக்குள் புதைத்துக்கொள்ள வேண்டும், தேய்வதென்றாலும் விலை குறைந்த ஷெல் தேய்ந்து விலை கூடிய கிராங்க் தப்ப வேண்டும். ஒழுங்காக ஓடும் இன்ஜினில் ஷெல்லும் பின்னும் தொடுவதே இல்லை. இடையில் ஒன்றிரண்டு தௌ இடைவெளி, அதற்குள் எண்ணெய். ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கால் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று. சுற்றுகிற வேகத்தில் எண்ணெய் ஆப்பு வடிவில் நெருக்கப்பட்டு, அதுதான் பாரத்தைத் தாங்குகிறது. கேஜில் தெரியும் பிரஷர் அந்த இடத்துக்கு எண்ணெயைக் கொண்டுபோய்ச் சேர்க்க மட்டுந்தான். அந்த வழியில் ராடு பேரிங் கடைசி வீடு. பம்ப், ஃபில்டர், மெயின் பேரிங் எல்லாம் கடந்து, கிராங்க்குக்குள் துளைத்த ஓட்டை வழியாகத்தான் அங்கே எண்ணெய் போகும். தட்டுப்பாடு வந்தால் முதலில் காய்வது அது.

இனி வேலை. “இறக்காமல்” என்று சொன்னாலும் கொஞ்சம் தூக்கத்தான் வேண்டியிருந்தது. பேட்டரி ஒயரைக் கழற்றி, முன் மவுண்ட் போல்ட்டுகளை எடுத்து, உத்திரத்தில் தொங்கிய செயின் பிளாக்கில் இன்ஜினை மாட்டி, சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) வெளியே வரும் அளவுக்கு மட்டும் உயர்த்தினார். ஃபேன் ரேடியேட்டரில் இடிக்கிறதா என்று ஒரு பையன் மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். வண்டி நின்றது குழியின்மேல். குழி இல்லாத இடத்தில் செய்வதென்றால் ஸ்டாண்டு வைத்துத்தான் செய்ய வேண்டும். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் பேசிப் பயனில்லை.

எங்களுக்கு வேறொரு எதிரி இருந்தது, காற்று. ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆளையே தள்ளும். முப்பந்தலில் காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம், திறந்த இன்ஜினுக்குத் திண்டாட்டம். ஒரு மண் துகள் புது ஷெல்லுக்குள் போனால் செய்த வேலை அத்தனையும் வீண். அண்ணாச்சி தரையில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார், மேற்கே தார்ப்பாய் கட்டச் சொன்னார். கழற்றிய ஒவ்வொரு சாமானும் கெரோசினில் கழுவி, எவர்சில்வர் தூக்குச்சட்டிக்குள் போய் மூடியும் போட்டாயிற்று. சம்ப் கழற்றும் வேலையை விட இந்த ஏற்பாட்டுக்குத்தான் அதிக நேரம் ஆனது. மாமா பக்கத்தில் நின்று, “என்னவே, ஆப்பரேஷன் தியேட்டரா?” என்றார். “ஆமா அண்ணாச்சி, செருப்பைக் கழட்டிட்டு அங்ஙன நில்லுங்க” என்றார் அவர், சிரிக்காமல்.

சம்ப் இறங்கியதும் நான் ஷெல்லைப் பார்க்க அவசரப்பட, அவர் ஆயில் பம்பின் அடியில் இருக்கும் வலையைப் பார்த்தார். எண்ணெய் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் அது. வலையின் பாதிக்குமேல் கருப்பு ரப்பர் புழுக்கள் மாதிரி ஏதோ அப்பியிருந்தது. ஒன்றை நகத்தால் கிள்ளி எடுத்து நசுக்கினார். சிலிக்கான் சீலன்ட். முன்பு எங்கேயோ ஒரு பட்டறையில் சம்ப் பேக்கிங் ஒழுகுகிறது என்று டியூபைத் தாராளமாகப் பிதுக்கி விட்டிருக்கிறார்கள். போல்ட்டை முறுக்கும்போது வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், வழித்துவிடலாம். உள்ளே பிதுங்குவது தெரியாது. அது காய்ந்து, பிய்ந்து, எண்ணெயோடு சுற்றி வந்து வலையில் உட்கார்ந்துகொண்டது. பம்ப் உறிஞ்ச முடியாமல் தவித்திருக்கிறது. மூன்றாவது ராடு காய்ந்திருக்கிறது. சீலன்ட் போடுகிறவர்கள் ஒரு நூல் கனத்துக்குப் போட்டால் போதும் என்று யாராவது டியூப் மேலேயே பெரிய எழுத்தில் அச்சடித்தால் தேவலை.

இந்த வலையைப் பார்க்காமல் புது ஷெல் மட்டும் மாட்டியிருந்தால் அதுவும் சீக்கிரமே இதே கதிக்கு வந்திருக்கும். பேரிங் தானாகப் போவதில்லை. எண்ணெய் குறைந்திருக்கும், மாற்றாமல் கூழாகியிருக்கும், தண்ணீரோ பெட்ரோலோ கலந்து நீர்த்திருக்கும், பம்ப் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் டாப் கியரிலேயே மேடு ஏற்றி ஏற்றி இன்ஜினைத் திணறடித்திருப்பார்கள். காரணம் கையில் கிடைக்காதவரை மூடக் கூடாது.

பிறகு மூன்றாவது ராடு. கிராங்க்கைக் கையால் சுற்றி அந்த ராடைக் கீழே கொண்டுவந்து, கேப்பிலும் (ராடின் கீழ்முனையைப் பின்னோடு சேர்த்து மூடும் பாதி) ராடிலும் எண் இருக்கிறதா என்று துடைத்துப் பார்த்தார். ராடும் கேப்பும் ஒன்றாகச் சேர்த்துத் துளையிடப்பட்டவை. கேப் மாறக் கூடாது, திரும்பியும் உட்காரக் கூடாது. இந்த இன்ஜினில் கேப் சாய்வாகப் பிரியும், அதனால் திருப்பிப் போட நினைத்தாலும் முடியாது. மற்ற வண்டிகளில் அந்த வசதி இல்லை. லாக் வாஷரின் காதை நிமிர்த்தி, போல்ட்டைக் கழற்ற, கேப் கையோடு வந்தது. மேல் ஷெல்லில் பூச்சு ஒரு பக்கம் துடைத்தெடுத்தாற்போல் போய், செம்பு நிறம் தெரிந்தது. எஃகு தெரியவில்லை.

ஷெல்லைப் புரட்டி முதுகைப் பார்த்தார். 010 என்று குத்தியிருந்தது. அதாவது இந்தக் கிராங்க் ஏற்கெனவே ஒரு முறை பத்து தௌ கிரைண்ட் செய்யப்பட்டது. புதிதாக வந்தபோது சுமார் 1.876 அங்குலம் இருந்திருக்க வேண்டிய பின், இப்போது 1.866 சுற்றுவட்டாரத்தில் இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் கடைக்குப் போய் ‘அம்பாசடர் ராடு ஷெல் ஒரு செட்’ என்று கேட்டு ஸ்டாண்டர்டு வாங்கி வருபவர்கள் உண்டு. பத்து தௌ இடைவெளியோடு மாட்டினால் சத்தம் முன்னைவிட நன்றாகக் கேட்கும்.

மைக்ரோமீட்டரை எடுத்தார். குழிக்குள் நின்று, தலைக்குமேல் கையை நீட்டி, எண்ணெய் முழங்கை வழியே சட்டைக்குள் இறங்க, ஒரு பின்னை அளப்பது லேசான வேலை இல்லை. குறுக்கே ஒரு அளவு, தொண்ணூறு டிகிரி திருப்பி ஒரு அளவு. பின்னின் இந்த ஓரத்தில், அந்த ஓரத்தில் என்று மறுபடியும். குறுக்களவுகள் மாறினால் பின் முட்டை வடிவமாகிவிட்டது. ஓரத்துக்கு ஓரம் மாறினால் கூம்பாகிவிட்டது. ஒரு தௌவுக்கு உள்ளே இருந்தால் யோசிக்கலாம், தாண்டினால் கிரைண்டிங்தான் என்பது அவர் கணக்கு. எங்களுக்கு அரை தௌ. பின்மேல் நகத்தைக் குறுக்கே ஓட்டினார். தடம் தெரிந்தது, ஆனால் நகம் மாட்டவில்லை. நிறமும் நீலமாக மாறவில்லை.

“என்ன சொல்லுதிய அண்ணாச்சி?”

“இறக்காண்டாம். ஆனா நாலு ராடையும் தொறந்து பாப்போம். ஒண்ணை மட்டும் மாத்திட்டு மத்த மூணும் நல்லாருக்கும்னு நீ நெனைச்சுக்கிட்டே ஓட்டுவியா?”

நான்கையும் திறந்தார். இரண்டும் மூன்றும் ஒன்றாகக் கீழே வரும், ஒன்றும் நான்கும் ஒன்றாக வரும். அந்த வரிசையில் பார்த்தோம். மற்றவை சாம்பல் நிறம் மாறாமல், லேசான கீறலோடு இருந்தன. நடு மெயின் கேப்பையும் இறக்கிப் பார்த்தார். இந்த இன்ஜினுக்கு மெயின் மூன்றே மூன்றுதான், நடுவில் இருப்பதற்குப் பாரம் அதிகம். மேல் பாதி ஷெல் கிராங்க்குக்கும் பிளாக்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும், கை போகாது. ஒரு காட்டர் பின்னின் தலையைத் தட்டையாக அடித்து, கிராங்க்கின் எண்ணெய் ஓட்டையில் செருகி, கிராங்க்கைப் பையத் திருப்பினால், பின்னின் தலை ஷெல்லின் ஓரத்தைத் தள்ளிக்கொண்டே போய் வெளியே உருட்டி விடுகிறது. ஷெல்லின் ஓரத்தில் பள்ளத்துக்குள் மாட்டும் சிறு பல் ஒன்று இருக்கும், அது இல்லாத பக்கத்திலிருந்துதான் தள்ள வேண்டும், இல்லையென்றால் ஷெல் நகராது. புதுசு போடுவதும் இதே முறையில், எதிர்த்திசையில். இதை நான் முதன்முதலாக அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கிராங்க்கைக் கழற்றாமல் கிராங்க்குக்கு மேலிருப்பதை எடுக்கும் வித்தை. நடு மெயின் நன்றாக இருந்தது.

மூன்றாவது பின்னில் ஷெல்லிலிருந்து உருகிப் பிடித்த வெள்ளைப் படலம் அங்கங்கே ஒட்டியிருந்தது. அதை நீக்காமல் புது ஷெல் போட முடியாது. முதலில் எண்ணெய் ஓட்டைக்குள் கிரீஸை அடைத்தார், தூள் உள்ளே போகாமல் இருக்க. மிக நைஸான எமரித் துணியை நீளவாக்கில் கிழித்து, எண்ணெயில் நனைத்து, பின்னைச் சுற்றிப் போட்டு இரு முனையையும் பிடித்து, தயிர் கடையும் மத்துக்கயிறு மாதிரி மாற்றி மாற்றி இழுத்தார். கொஞ்சம் இழுப்பது, கிராங்க்கைக் கால் சுற்றுத் திருப்புவது, மறுபடி இழுப்பது. ஒரே இடத்தில் இழுத்தால் அங்கே மட்டும் தேய்ந்து பின் முட்டையாகிவிடும். இது பாலிஷ்தான், அளவைச் சரிசெய்யும் வேலை அல்ல. எமரி போட்டுக் கூம்பை நேராக்குகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். படலம் போனதும் கிரீஸைக் கிண்டி எடுத்து, சிரிஞ்சில் பெட்ரோல் பீய்ச்சி ஓட்டையைக் கழுவி, காற்று அடித்து, மறுபடி அளந்தார். அதே அரை தௌ.

பத்து தௌ ஷெல் மதுரையிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. வந்ததும் இடைவெளியைச் சோதிக்க வேண்டும். அதற்கென்று நசுங்கும் பிளாஸ்டிக் நூல் விற்கிறார்கள். கேப்பை முறுக்கிக் கழற்றி, நூல் எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறது என்று அட்டையோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். அண்ணாச்சியிடம் அது இல்லை. அவர் பயன்படுத்தியது சிகரெட் தாள், அது ஏறத்தாழ ஒரு தௌ கனம். ஒரு சிறு துண்டை ஷெல்லுக்குள் வைத்துக் கேப்பை முறுக்கினால் ராடு லேசாக இறுக வேண்டும், எடுத்துவிட்டால் தாராளமாகச் சுற்ற வேண்டும். முக்கூடல், மேலப்பாளையம் என்று பீடி சுற்றிப் பிழைக்கும் சீமையில் இதற்காக ஒரு சிகரெட் பாக்கெட் வாங்க வேண்டியிருந்தது. பீடி இலையின் கனம் ஒன்றுபோல் இருக்காதே.

இதே தாளை, தகரத்தை, சிகரெட் பாக்கெட்டின் ஜிகினாவை ஷெல்லின் முதுகுக்குப் பின்னால் வைத்து ஆட்டத்தைக் குறைப்பது இன்னொரு வகை. கேப்பின் ஓரத்தை அரத்தால் ராவி இறுக்குவது மற்றொன்று. பெல்ட் தோலை வெட்டி ஷெல்லுக்குப் பதில் வைத்து லாரியை ஊர் சேர்த்த கதைகளும் நான் கேட்டதுண்டு. வழியில் மாட்டிக்கொண்டவன் வீடு சேர அது உதவியிருக்கலாம். விற்கப்போகிற வண்டிக்கு இந்த வேலையைச் செய்து தள்ளிவிடுகிறவர்கள்தான் “இறக்காமல் செய்வது ஏமாற்று வேலை” என்று பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள். ஷெல்லின் முதுகு உலர்ந்து, சுத்தமாக, ராடின் உலோகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். சூடு வெளியேறும் வழி அதுதான். ஷெல்லின் இரு ஓரமும் கேப்பைவிட மயிரிழை உயர்ந்து நிற்பதும் வேண்டுமென்று செய்ததுதான். முறுக்கும்போது அந்த மயிரிழை நசுங்கி ஷெல்லை இறுகப் பிடித்துக்கொள்கிறது. ராவினால் துளையின் வட்டமே போய்விடும்.

மாட்டும் வேலை சீக்கிரம் முடிந்தது. முதுகு உலர், முகத்தில் எண்ணெய், புது லாக் வாஷர், டார்க் ரெஞ்ச்சில் முப்பத்தைந்து பவுண்டு-அடி. ஒவ்வொரு கேப் இறுக்கியதும் கிராங்க்கைக் கையால் ஒரு சுற்று. எங்காவது பிடித்தால் அப்போதே தெரிந்துவிடும். நான்கையும் இறுக்கிவிட்டுச் சுற்றினால் எது பிடிக்கிறது என்று தேட வேண்டியதுதான். பம்பைக் கழற்றிக் கழுவி, எண்ணெய் நிரப்பி மாட்டினார். சம்ப்புக்குப் புதுப் பேக்கிங், மூலைகளில் மட்டும் தொட்டு வைத்தாற்போல் சீலன்ட்.

ஃபில்டர் மாற்றி ஆயில் ஊற்றியபின், காயில் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட்டரை விட்டு விட்டு அடித்தார். கேஜ் முள் எழும்பும்வரை பற்றவைக்கக் கூடாது. உலர்ந்த புது ஷெல்லுக்கு முதல் சில விநாடிகள்தான் கண்டம். முள் எழும்பியபின் ஒயரை மாட்டி ஸ்டார்ட் செய்ய, சத்தம் இல்லை. சூடான பின்னும் ஆயில் பிரஷர் ஐடிலில் இருபது, கொஞ்சம் ஓட்டினால் ஐம்பது பவுண்டு. அன்றே வள்ளியூர்வரை போய் வந்து அந்த ஆயிலையும் இறக்கிவிட்டார், மாமா முகம் சுளிக்கச் சுளிக்க. கழுவி எடுக்க முடியாத தூள் ஏதாவது மூலையில் இருந்தால் அதோடு போகட்டும் என்று.

இதே அண்ணாச்சி போன வருஷம் களக்காட்டுப் பக்கத்து ஒரு டீசல் வேனுக்குச் சம்ப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “இறக்கிருங்க” என்று ஒரே வார்த்தையில் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஷெல் சுருண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது, பின் நீலம் பாய்ந்திருந்தது, ராடின் துளையே அடிபட்டிருந்தது. அந்த நிலையில் கிராங்க்கைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, இருபது தௌவோ முப்பது தௌவோ கிரைண்ட் செய்து, எண்ணெய் வழி முழுவதையும் கழுவாமல் தீராது. இப்போதைய கார்களில் இன்னும் சில கட்டுப்பாடுகள் சேர்ந்திருக்கின்றன. பலவற்றில் ராடு போல்ட் ஒரு முறை இழுபட்டால் மறுமுறை பயன்படாது, புதிதாகப் போட வேண்டும். கேப்பை அறுக்காமல் உடைத்துப் பிரித்திருப்பார்கள். உடைந்த முகம் அதே ராடில்தான் பொருந்தும், தரையில் விழுந்து ஒரு முனை சிதைந்தாலும் ராடு போச்சு. ஷெல்லைக் கிராங்க்கின் குறியீட்டைப் பார்த்து நிற வாரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில கிராங்க்குகளைக் கிரைண்ட் செய்யக் கம்பெனியே அனுமதிப்பதில்லை, தேய்த்த பின்னுக்குப் பொருந்தும் அண்டர் சைஸ் ஷெல்லும் கிடைக்காது. பக்கத்து வீட்டுத் தம்பி தன் காருக்கும் இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டபோது, சத்தம் வந்தவுடன் நிறுத்தினாயா, எவ்வளவு தூரம் ஓட்டினாய் என்று முதலில் கேட்டேன். முக்கூடல்வரை ஓட்டியிருக்கிறான். இறக்கச் சொல்லிவிட்டேன்.